ஆண்டவருக்குச் செய்த பாதம்

மார்ச் 5, விபூதிப் புதன்

காலைப் பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பல் வாங்கி வந்தோம். மாமிக்குக் கண்ணில் புரை. கையைப் பிடித்துக் கூட்டிப் போவது என் வேலை. யார் யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை, யார் புதுச் சேலை கட்டியிருக்கிறார்கள் என்று வழியெல்லாம் நான் ஒப்பிக்க வேண்டும். ஒருத்தரை விட்டுவிட்டால் அன்றைக்கெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

இந்த டைரி பெயிண்ட் கடையில் வருஷா வருஷம் தருவது. நிறம் கலக்கும் அளவு எழுதத்தான் வைத்திருக்கிறேன். ஜெரோன் வள்ளத்தின் முன்பக்கத்தில் ஆரோக்கிய மாதா பாதி முடிந்தது. அங்கியின் நீலத்தில் மூன்று சொட்டு கறுப்பு விட்டால்தான் கடலின் நீலத்திலிருந்து பிரிந்து தெரிகிறது. கண் மட்டும் பாக்கி. கண்ணை எப்போதும் கடைசியில், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், ஒரு செபமாலை சொல்லிவிட்டுத்தான் எழுதுவேன். வள்ளங்களுக்கு அர்ச்சிஷ்டர்களை, புனிதர்களை, வரைகிற ஒரே பொம்பளை இந்தக் கரையில் நான்தான். என் அப்பாவிடமிருந்து வந்த தொழில்.

மத்தியானம் மாமி வழக்கம்போல மூன்று தட்டு வைத்தாள். மூன்றாவது ததேயுசுக்கு. ததேயுஸ் மாமியின் ஒரே மகன், என் வீட்டுக்காரர். கடலுக்குப் போய் ஐந்து வருஷம் ஐந்து மாதம் ஆகிறது. கவிழ்ந்த வள்ளம் கிடைத்தது. கூடப் போன சூசைமரியான் மண்ணெண்ணெய்க் கேனைக் கட்டிக்கொண்டு கரை சேர்ந்தான். இவர் வரவில்லை, உடலும் வரவில்லை. உடல் வராதவனுக்கு அடக்கப் பூசை என்னத்துக்கு என்று மாமி இன்றுவரை பூசை வைக்க விடவில்லை. கண்ணுக்கு ஆபரேஷன் செய்யலாம் என்றால், எனக்க மவன் வந்து கூட்டிட்டுப் போவான் என்கிறாள். இவளோடு நான் படும் பாட்டை எந்த அர்ச்சிஷ்டரிடம் சொல்ல? எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்கிறோம், அதிலும் ஒருத்திக்குப் பார்வை கிடையாது.

ததேயுஸ் நம்பருக்கு ரீசார்ஜ் செய்தேன். கேஸ் புக் பண்ணுவது அந்த நம்பரில்தான்.

மார்ச் 7, வெள்ளி

கோயிலில் ஒரே அமளி. பெரிய வெள்ளிக்கிழமை ஆசந்தியில் வைக்கும் ஆண்டவர் சுரூபத்தைச் செல் அரித்துவிட்டது.

வெளியூர்க்காரர் யாராவது இதைப் படித்தால் புரியாது என்பதால் எழுதுகிறேன் (யார் படிக்கப் போகிறார்கள்). ஆசந்தி என்றால் பிணம் தூக்கும் பாடை. எங்கள் ஊரில் மரத்தால் செய்த ஆண்டவர் உடல் ஒன்று இருக்கிறது. ஆள் உயரம். தோளில் தோல் மூட்டு வைத்திருப்பதால் கை மடங்கும். பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவரைச் சிலுவையில் அறைந்து, பிரசங்கம் முடிந்ததும் ஆணியைப் பிடுங்கி இறக்கி, கையை மடக்கி ஆசந்தியில் கிடத்துவார்கள். ஊரே வரிசையில் வந்து பாதத்தில் உதட்டை வைத்து முத்தி செய்யும். மற்ற நாளெல்லாம் பெட்டியில் வேப்பிலைக்கு நடுவே கிடப்பார். தவக்காலத்தின் முதல் வெள்ளி தூசி தட்டத் திறப்பது வழக்கம். இன்று திறந்தால் இரண்டு பாதமும் இல்லை. கோயில் காரியங்களைப் பார்க்கிற உபதேசியார் தொட்டதும் மாவாக உதிர்ந்துவிட்டதாம். வேப்பிலை போட மறந்தது யார் என்று அவர் எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தார். பெட்டிச் சாவி அவரிடம்தான் இருக்கிறது.

மார்ச் 8, சனி

ஃபாதர் ஹிலாரியுஸ் ஆள் விட்டார். சிலை செய்கிற ஆட்கள் எல்லாரும் இப்போது அச்சில்தான் வார்க்கிறார்களாம், மரத்தில் ஒட்டுப்போட வரமாட்டார்களாம். நீ செய்வியாம்மா என்று கேட்டார். நான் வள்ளத்துக்கு எனாமல் அடிக்கிறவள் ஃபாதர், பலகையில் வரைந்துதான் பழக்கம் என்றேன். பலகையில் மாதா உயிரோடு நிற்கிறாளே, அது போதும் என்றார்.

உபதேசியாருக்குப் பொறுக்கவில்லை. ஆண்டவர் உடலை ஒரு பொம்பளை தொடுவதா என்று இழுத்தார். ஆண்டவர் செத்தபிறகு கல்லறைக்குத் தைலம் எடுத்துக்கொண்டு ஓடினது ஆம்பளைகளா என்று கேட்டேன். ஃபாதர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

மார்ச் 10, திங்கள்

மணிக்கூண்டுக்குக் கீழே உள்ள அறையைக் கொடுத்திருக்கிறார்கள். சுரூபம் கோயில் வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. முழங்காலில் நின்று ஒரு செபமாலை சொல்லிவிட்டு ஆரம்பித்தேன்.

செல் அரித்த பாகத்தைக் கணுக்கால்வரை வெட்டி எடுத்தேன். அரிக்காத நல்ல மரம் தெரிந்தபிறகு, இரண்டு தேக்குக் குச்சிகளை உள்ளே இறக்கிப் பசை வைத்தேன். இதன்மேல் மரத்தூளும் பசையும் பிசைந்து பாதம் பிடிக்க வேண்டும். காய்ந்தபிறகு இழைத்து, சுண்ணப்பொடி பூசி, பிறகு நிறம். உதிர்ந்த மரத்தைத் துளிகூட விடாமல் ஒரு பிஸ்கட் டின்னில் அள்ளி வைத்தேன். மந்திரித்த பொருளைக் குப்பையில் போடக் கூடாது.

பாதம் இல்லாமல் கிடக்கிற ஆண்டவரைப் பார்க்க ஒரு மாதிரியாக இருந்தது. இவர்தானா தண்ணீர்மேல் நடந்தவர்? அந்தக் காலை என்னிடம் செய்யச் சொல்கிறார்கள். எனக்கு அவரிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பேதுரு முங்கப் போனபோது கையை நீட்டித் தூக்கினீரே, ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி மாதம் எங்கே இருந்தீர்? கேட்கவில்லை. முதல் நாளே சண்டை வேண்டாம்.

மார்ச் 13, வியாழன்

பின்வாசல் வழியாக நாய் வந்து சட்டியிலிருந்த சாளை மீனையெல்லாம் தின்றுவிட்டது. பக்கத்து வீட்டு ரெஜினாள், பொறவாசலுக்குத் தாழ்ப்பாள் போட்டால் என்ன என்று கேட்கிறாள். காற்று வர வேண்டாமா? இந்த வீட்டில் இருப்பதே ஒரு சன்னல். மாமி எதற்கெடுத்தாலும் ஏசுகிறவள், இதற்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. மீதி இருந்த புளிக்கறியை ஊற்றிச் சாப்பிட்டாள்.

மார்ச் 15, சனி

செருப்புகளைக் கழுவி வெயிலில் வைத்தேன். மாதம் ஒருமுறை செய்யாவிட்டால் கடல் காற்றுக்குப் பூஞ்சணம் பிடித்துவிடும். ததேயுஸ் செருப்பில் வலது பக்கம் அதே கிழிசல். நங்கூரம் விழுந்து விலகிப்போன சுண்டுவிரல் அந்த இடத்தில் எட்டிப் பார்க்கும். எத்தனை செருப்பு வாங்கினாலும் ஒரு மாதத்தில் அங்கேதான் கிழியும். நான் ஏசுவேன், அவர் காலை ஆட்டிக் காட்டிச் சிரிப்பார். தைத்து வைக்கலாம் என்று ஊசியை எடுத்தேன். சரி, பிறகு பார்க்கலாம்.

மார்ச் 19, சூசையப்பர் திருநாள்

இரண்டு பாதமும் பிடித்து முடித்தேன். மாதிரிக்கு ஃபாதர் ஒரு படம் கொடுத்திருந்தார். வெள்ளைக்காரன் வரைந்தது. அதைப் பார்த்துத்தான் செய்தேன். அழகாகத்தான் வந்தது, வெண்ணெயில் பிடித்தது மாதிரி. கொலுசு போடுவதுதான் பாக்கி.

சாயங்காலம்வரை உட்கார்ந்து பார்த்தேன். பிறகு கத்தியை எடுத்து எல்லாவற்றையும் சுரண்டிப் போட்டேன். மரவேலைக்காரரின் வளர்ப்பு மகன், மீன்பிடிக்காரர்களோடு மூன்று வருஷம் கரையெல்லாம் அலைந்தவர், அவருக்கா இந்தக் கால்? உபதேசியார் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

மார்ச் 22, சனி

வேலை ஓடவில்லை. ஜெரோன் வள்ளத்து மாதாவுக்குக் கண் எழுதினேன்.

மார்ச் 25, செவ்வாய்

விடிந்ததும் கரைக்குப் போனேன். வள்ளங்கள் வந்துகொண்டிருந்தன. இறங்குகிறவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன மைனி, கம்மல் தொலைஞ்சு போச்சா என்று பயல்கள் கிண்டல் செய்தார்கள். ஆமாம், தேடித் தாங்க என்றேன். இரண்டு பேர் உண்மையாகவே மணலைக் கிளறினார்கள்.

இருபது ஆட்கள், நாற்பது கால். ஒருத்தனுக்கு விரல் குட்டை, ஒருத்தனுக்குப் பாதம் தட்டை. எதுவும் சரியில்லை. சரியான கால் எது என்று எனக்கே தெரியாதபோது, இது இல்லை இது இல்லை என்று எப்படித் தெரிகிறது?

சூசைமரியான் மட்டும் வலையைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றான். ஐந்து வருஷமாக என் முகத்தைப் பார்த்து அவன் பேசியதில்லை. இன்றும் பேசவில்லை. நான்கு நெய்மீனை இலையில் சுற்றிக் காலடியில் வைத்துவிட்டுப் போனான். தவக்காலம், நான் மீன் தொடுவதில்லை. மாமிக்குப் பொரித்துக் கொடுத்தேன்.

ஏப்ரல் 2, புதன்

பாதம் முடிந்தது.

எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஒன்பது மணிக்கு மரத்தூளைப் பிசைந்து எடுத்தேன். படம் வேண்டாம் என்று கவிழ்த்துப் போட்டுவிட்டேன். ஆண்டவரே, நீரே செய்துகொள்ளும், எனக்குக் கை மட்டும்தான் இருக்கிறது என்று சொன்னேன். பிறகு மூன்று மணிக்குக் கோயில் மணி அடிக்கும்வரை நிமிரவில்லை. கை தானாகப் போனது. குதிகால் வெடிப்பு, உப்புத் தண்ணீரில் ஊறிய தோல், கட்டைவிரலைவிட நீண்ட இரண்டாவது விரல், இடது கணுக்காலில் கயிறு அறுத்த வடு. ஒவ்வொன்றையும் எங்கே வைக்க வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்தது போல இருந்தது. தூக்கிப் பிடித்துப் பார்த்ததும் நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை வருஷம் வரைந்தேன், ஒரு நாளும் இப்படிச் சந்தோஷமாக இருந்ததில்லை.

வலது சுண்டுவிரல் கொஞ்சம் வெளியே விலகிவிட்டது. திருத்தக் கத்தியை எடுத்தேன். கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கோயிலில் எல்லாச் சுரூபங்களுக்கும் ஊதாத் துணி போட்டு மூடிவிட்டார்கள். இனி உயிர்ப்புவரை யார் முகத்தையும் பார்க்க முடியாது. நான் மட்டும் மணிக்கூண்டு அறையில் ஆண்டவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நிறம்: வெள்ளை நான்கு, மஞ்சள் காவி ஒன்று, பச்சை ஒரு துளி. செத்த நிறம் வேண்டும் என்றார் ஃபாதர். உயிரோடு இருக்கிறவனின் காலுக்கு இந்த நிறத்தை அடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆண்டவரின் காலுக்கு என்று எழுத வந்தேன்.

ஏப்ரல் 9, புதன்

ஆணித் துளை போட வேண்டும். வலது பாதத்தை இடது பாதத்தின்மேல் வைத்து இரண்டிலும் சேர்த்து ஒரே துளை. ஆணி உண்மையாகவே ஏறி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் சிலுவையிலிருந்து வழுக்கிவிடுவார். ஆசாரியைக் கூப்பிடட்டுமா என்று ஃபாதர் கேட்டார். வேண்டாம், வேறு யாரும் தொட வேண்டாம் என்றேன்.

துரப்பணத்தை வாங்கி வந்து வைத்திருக்கிறேன். நாளைக்குப் போடலாம்.

ஏப்ரல் 10, வியாழன்

நாளைக்கு.

ஏப்ரல் 12, சனி

போட்டுவிட்டேன்.

பாதத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் போட்டேன். துரப்பணத்தை ஒரு சுற்று சுற்றியதும் கை நின்றுவிட்டது. மாதாவே, பெற்ற அம்மை நீங்கள் எப்படிப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள் என்று வாய்விட்டுக் கேட்டேன். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு சுற்றினேன். அந்தப் பக்கம் முனை வெளியே வந்து என் தொடையில் குத்தியது. அப்படியே குனிந்து அந்தக் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். வள்ளம் கிடைத்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை. அன்று ஊரே அழுதது, நான் மாமிக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு எதற்கு அழுதாய் என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

காயத்தில் சிவப்பு வைக்கவில்லை. கருஞ்சிவப்பில் கொஞ்சம் தவிட்டு நிறம் கலந்து வைத்தேன். கடலில் கழுவின காயம் சிவப்பாக இருக்காது.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

மாமி ஓலையில் சிலுவை முடைந்தாள். கண் தெரியாமலே என்னைவிட நன்றாக முடைகிறாள். ஒன்றை முன்வாசலிலும் ஒன்றைப் பின்வாசலிலும் செருகச் சொன்னாள்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

ஃபாதர் வந்து பார்த்தார். முழங்காலில் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய்விட்டார். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயா தேய்ந்துவிடும்?

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மூன்று மணிக்கு அறைந்தார்கள். நான்கரைக்கு இறக்கினார்கள். ஆம்பளைகள் ஆறு பேர் துணியில் தாங்கி ஆசந்தியில் கிடத்தினார்கள். பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். முதலில் ஆம்பளைகள் வரிசை. நான் மாமியோடு தூணோரம் நின்றேன்.

வரிசை மளமளவென்று போய்க்கொண்டிருந்தது. சூசைமரியான் முறை வந்தது. குனிந்தவன் நிமிரவில்லை. பின்னாலிருந்தவன் தோளைத் தொட்டதும்தான் நிமிர்ந்தான். அத்தனை கூட்டத்திலும் என்னைத் தேடிப் பார்த்தான். கண் நிறையத் தண்ணீர். பிறகு சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கவாசல் வழியாக வெளியே போய்விட்டான். அவனுக்குப் பிறகு வந்தவர்களும் ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றதுபோல எனக்குப் பட்டது.

பெண்கள் வரிசையில் மாமியைக் கூட்டிப் போனேன். மற்றவர்கள் குனிந்து முத்திவிட்டு நகர்ந்தார்கள். மாமிக்குக் கைதானே கண். குதிகாலைப் பிடித்தாள். வெடிப்பைத் தடவினாள். கணுக்காலில் வடு இருந்த இடத்தில் விரல் நின்றது. பிறகு மேலே ஏறி, விரல் விரலாக எண்ணிக்கொண்டே போய், சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். நகருங்க, நகருங்க என்றார் உபதேசியார். அவள் காதில் ஏறவில்லை. அந்தச் சுண்டுவிரலில் மூன்று முறை முத்தினாள். சேலை முந்தியால் பாதத்தைத் துடைத்தாள், ஈரக் காலோடு வீட்டுக்குள் வந்தவனைத் துடைத்துவிடுவது மாதிரி. பிறகு, போவோம் பிள்ளே என்றாள்.

வழியில் யார் யார் வந்திருந்தார்கள் என்று கேட்கவில்லை.

ஒருசந்தி நோன்பை விட்டுக் கஞ்சியும் பயறும் வைத்தோம். மாமி தட்டு எடுத்து வைத்தாள். இரண்டு தட்டு. நான் மூன்றாவதை எடுக்கப் போனேன். என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"சாமியாருகிட்ட சொல்லு பிள்ளே. அவனுக்கு அடக்கப் பூசை வைக்கணும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. "அஞ்சு வருசமா வேண்டாம் வேண்டாம்னு நீங்கதானே மாமி நின்னிய?"

"எனக்காவயா நின்னேன்? பெத்தவளுக்கு அன்னைக்கே தெரியும். நீயில்லா பொறவாசலுக்குத் தாப்பா போடாம கெடக்குதா. அவனுக்க போனுக்கு மாசம் தவறாம காசு போடுதா. செருப்பக் கழுவிக் கழுவி வைக்குதா. நான் பூசைன்னு வாயெடுத்தா நீ ஒடஞ்சு போவான்னுதான் பிள்ளே தட்டு வச்சேன்."

காற்றுக்காகத்தான் திறந்து வைக்கிறேன் என்றேன். மாமி, சரி என்றாள். ஏசியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கஞ்சி ஆறிப்போயிற்று. இரண்டு பேரும் அழுதுவிட்டுச் சாப்பிட்டோம்.

ஏப்ரல் 19, சனி

ஃபாதர் கூப்பிட்டார். உபதேசியாரும் இருந்தார். ஆண்டவர் உடலில் ஊர்க்காரன் ஒருத்தனின் காலை வைத்துவிட்டாள், கரையெல்லாம் இதே பேச்சு, வெட்டி எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும் என்று அவர் ஒரே பிடியாக நின்றார்.

"யாருக்க கால்மா அது?" என்று கேட்டார் ஃபாதர்.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மைதான். ஆனால் கோயிலுக்குள் நின்றுகொண்டு பாதி உண்மை சொல்ல நாக்கு வரவில்லை. "எனக்க வீட்டுக்காரருக்க கால் ஃபாதர். தண்ணியில நடந்த கால் எப்படி இருக்கும்னு கேட்டேன். எனக்கு இந்தக் காலுதான் வந்துச்சு," என்றேன். வெட்டச் சொன்னால் நானே வெட்டித் தருகிறேன் என்றும் சொன்னேன்.

ஃபாதர் உபதேசியாரிடம் திரும்பி, நேற்று முத்தி செய்யும்போது இந்த ஊரில் எத்தனை பேர் அழுதார்கள், போன வருஷம் எத்தனை பேர் அழுதார்கள் என்று கேட்டார். பாதம் இருக்கட்டும் என்று முடித்துவிட்டார். பெட்டியில் வேப்பிலை போடுகிற வேலை இனிமேல் எனக்காம். உதிர்ந்த மரத்தை என்ன செய்தாய் என்று கேட்டார். டின்னில் இருக்கிறது என்றேன். மந்திரித்த மரம், கல்லறைத் தோட்டத்தில் புதைத்துவிடு என்றார்.

அப்போதுதான் பூசை விஷயத்தைச் சொன்னேன். உயிர்ப்பு வாரம் முழுக்க இறந்தோருக்கான பூசை கிடையாது, அதற்கடுத்த செவ்வாய் வைக்கலாம் என்றார். இன்னும் பத்து நாள். ஐந்து வருஷம் போயிற்று, இந்தப் பத்து நாள் எப்படிப் போகும் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 20, உயிர்த்த ஞாயிறு

அல்லேலூயா. ஆட்டுக்கறி வாங்கினேன். எல்லாருக்கும் ஆண்டவர் திரும்பி வந்துவிட்டார். யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

மாமி டின்னைக் கேட்டாள். மடியில் வைத்துத் திறந்து உள்ளே கைவிட்டுப் பார்த்தாள். இது என்ன என்றாள். ஆண்டவருடைய பழைய பாதம், செல் அரித்தது, கல்லறைத் தோட்டத்தில் புதைக்க ஃபாதர் சொல்லியிருக்கிறார் என்றேன்.

கல்லறைத் திருநாளுக்கு ஊர்ச் சிலுவைகளுக்கெல்லாம் வெள்ளையடித்துப் பெயர் எழுதுவது நான்தான். ஒவ்வொரு குடும்பமும் மெழுகுதிரி ஏற்றி நிற்கும்போது, நாங்கள் இரண்டு பேரும் எங்கே நிற்பது என்று தெரியாமல் பெரிய சிலுவையடியில் நிற்போம். எங்களுக்கென்று ஒரு குழி கிடையாது. வைக்க ஒன்றும் இல்லாமல் குழி எதற்கு?

மாமி டின்னை மூடவில்லை. கொஞ்சம் மரத்தூளை விரலில் எடுத்துத் தடவிக்கொண்டே சொன்னாள்: "எனக்க மவனுக்க காலை ஆண்டவருக்குக் குடுத்தாச்சு. ஆண்டவருக்க காலு எனக்க மவனுக்க குழியில கெடக்கட்டு."

நான் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டேன். ஆண்டவரிடம் ஐந்து வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வி ஒன்று இருந்ததே, எங்கே இருந்தீர் என்று. கேட்டுவிட்டேன். பதில் வரவில்லை. ஆனால் கேட்டுவிட்டேன்.

உள்ளே வந்ததும், கண் ஆஸ்பத்திரிக்கு எப்போது கூட்டிப் போகிறாய் என்று மாமி கேட்டாள். அடுத்த பெரிய வெள்ளிக்கிழமை அந்தக் காலைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். நான் ஒழுங்காகச் செய்தேனா என்று பார்க்க வேண்டுமாம்.

ஏப்ரல் 28, திங்கள்

சிலுவைக்கு இரண்டு கோட் வெள்ளை. எழுத்துக்குக் கறுப்பு எனாமல். பெயர் எழுதிவிட்டேன். தேதி எழுதும் இடத்தில் நின்றுவிட்டேன். எந்த நாள் என்று கடலுக்குத்தான் தெரியும். மாமியிடம் கேட்டேன். நம்மகிட்ட சொல்லிட்டுப் போன நாள எழுது என்றாள். எழுதினேன். எழுத்து கோணவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

பூசை முடிந்தது. டின்னைச் சூசைமரியான் சுமந்தான். நான் கேட்கவில்லை, அவனாக வந்து வாங்கிக்கொண்டான். குழி சின்னக் குழிதான். ஃபாதர் தீர்த்தம் தெளித்தார். மாமி மூன்று கை மண் போட்டாள். நானும் போட்டேன். அதன்பிறகு சூசைமரியான் என் முகத்தைப் பார்த்து, மைனி, கடைசிவரை மண்ணெண்ணெய்க் கேனை என் பக்கம் தள்ளிவிட்டது அண்ணன்தான் என்றான். ஐந்து வருஷமாக இதை வைத்துக்கொண்டுதான் அவன் என்னைப் பார்க்காமல் போயிருக்கிறான். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஊரெல்லாம் வந்திருந்தது. வரும் வழியில் மாமி ஒவ்வொருத்தர் பெயராகக் கேட்டாள். ஒப்பித்துக்கொண்டே வந்தேன்.

மத்தியானம் பின்வாசல் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தேன். துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது, அசையவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன்.